ஏழுமலை வண்டியின் ஸ்டீயரிங்

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கிற தம்பி திருநெல்வேலிக்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. புதிதாகப் பெரிய பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறார். பின்னால் தொட்டி இருக்கிறதே தவிர, அதில் இதுவரை ஒரு தேங்காய் மூட்டைகூட ஏறியதில்லை. போன வாரம் கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து கதவைத் தட்டினார்.

"அண்ணாச்சி, நீங்க இந்த வேலைதான் பாத்தியளாமே. பேடில் ஷிஃப்டர் வாங்கிருக்கேன். மாட்டுறது ஈசியா?"

"மாட்டுறது ஈசிதான் தம்பி."

"அப்ப கஷ்டம் எதுல?"

நின்றபடி பதில் சொல்கிற கேள்வியா அது. அவரும் ஆபீஸ் வேனைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தார். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிளட்ச் இல்லாத, தானாகக் கியர் மாற்றிக்கொள்கிற வண்டிகளில், வேண்டுமானால் நாமே கியரை ஏற்றி இறக்க ஒரு வசதி இருக்கும். கியர் லீவரை ஒரு பக்கம் ஒதுக்கி, முன்னால் தட்டினால் ஏறும், பின்னால் தட்டினால் இறங்கும். அந்தத் தட்டல் வேலையை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரல் படுகிற இடத்தில் கொண்டுவந்து வைக்கிற இரண்டு தகடுகள்தான் பேடில். ஆசைக்குப் போடுகிறவர்களுக்கு அது வேகம். எங்கள் ஷெட்டுக்கு வந்தவர்களுக்கு அது இல்லாத ஒரு கை.

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டின தெருவில் இருந்தது எங்கள் ஷெட். கை கால் முடியாதவர்களுக்கு ஏற்றபடி வண்டியை மாற்றிக் கொடுப்பது வேலை. நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை பெரிய கதை இல்லை. படிப்பு ஏறவில்லை. ஆவடியில் லாரிக்கு ஹாரன், லைட் ஒயரிங் செய்தேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை, ஷாக் அடித்துச் சொல்லித் தந்தது. "கரண்டைவிட நல்ல வாத்தியார் கிடையாது, ஒரே தடவைதான் சொல்லும்" என்பார் அங்கே இருந்த வெல்டர். எனக்கு ஜனங்கள் பேசுகிறதை எல்லாம் காதில் போட்டுக்கொள்கிற வியாதி உண்டு. தொழிலைக் காட்டிலும் இந்தப் பேச்சுகள்தான் என்னிடம் அதிகம் மிஞ்சியிருக்கின்றன.

ஷெட்டின் போர்மேன் பெயர் வரதராஜன். யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் நைனா. குள்ளமான மனிதர். மூக்குக் கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வேலை தப்பாகிவிட்டால் திட்டமாட்டார். ஸ்பேனரைக் கையிலிருந்து மெதுவாக வாங்கி, துணியால் துடைத்து, திரும்ப நம் கையிலேயே கொடுப்பார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

புதிதாக ஒருவர் வந்தால் நைனா வண்டியைப் பார்க்கமாட்டார். "இன்னா பண்ணணும்" என்றும் கேட்கமாட்டார். பெஞ்சில் உட்கார வைத்து டீயும் வடையும் வரவழைப்பார். டீ கண்ணாடி கிளாஸில்தான் வரும், சுடச்சுட. எஸ்டேட் கதை, மழைக் கதை என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். கண் மட்டும் வந்தவரின் கையில் இருக்கும். கிளாஸை விளிம்பில் பிடிக்கிறாரா, அடியில் பிடிக்கிறாரா. சூடு உடனே உறைக்கிறதா, தாமதமாக உறைக்கிறதா. வடையைப் பிய்க்கும்போது கட்டைவிரல் எவ்வளவு அழுத்துகிறது. எண்ணெயைப் பேப்பரில் துடைக்கும்போது எந்த விரல் ஒதுங்கி நிற்கிறது. டீ முடிகிறபோது அவர் மனசில் வண்டியின் படம் முடிந்திருக்கும்.

"கையப் புட்ச்சிப் பாத்தா மனுசன் வெறைச்சிப்பான். துன்னும்போது எவனும் நடிக்க மாட்டான்." இது நைனா சொல்லும் வார்த்தை.

நல்ல வார்த்தைதான். பல வருஷம் அது பலித்தது. ஆனால் நல்ல வழி என்றால் நாலு பேர் பேசத்தானே செய்வார்கள். மேனாம்பேட்டிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் வண்டி ஸ்டாண்டுகளில் இது பரவிவிட்டது. "வடை துன்னத் தெரிஞ்சா வண்டி ரெடி மாமே" என்று ஓட்டுநர்கள் கிண்டல் அடிப்பார்கள். ஷெட்டுக்கே "வடைக் கம்பெனி" என்று பேர் வைத்தார்கள். நாங்களும் கேட்டுச் சிரித்தோம்.

ஏழுமலை அண்ணன் மேனாம்பேட்டுக்காரர். சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். இள வயசில், தகடு வெட்டுகிற பவர் பிரஸ்ஸில் வேலை செய்து, இடது கையில் மூன்று விரலைக் கொடுத்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் வாடகைத் தொழில். காட்டுப்பாக்கம், திருவேற்காடு என்று எந்த மண்டபமாக இருந்தாலும் தானே ஓட்டிக்கொண்டு போய் இறக்குவார். ஆள் வைத்து ஓட்டமாட்டார். "அண்டாவைக் குடுத்தனுப்பலாம், மரியாதையக் குடுத்தனுப்ப முடியாது. நேர்ல போய் எறக்கினாத்தான் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்புடுவான்" என்பார். கிளட்ச் இல்லாத பிக்கப் ஒன்றைப் பழசாக வாங்கியிருந்தார். மேம்பால இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது கியரைக் குறைக்க வேண்டும். லீவரைத் தட்ட அந்த இடது கையால் முடியவில்லை. அதுதான் அவர் சொன்ன குறை.

பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வந்தது, வடை வந்தது. வலது கையால் கிளாஸை விளிம்பில் பிடித்து எடுத்தார், நடுங்கவில்லை. வடையை அளவாகப் பிய்த்து, சட்டினியில் தொட்டு, ஒரு துணுக்குகூடச் சிந்தாமல் சாப்பிட்டார். பேப்பரை நாலாக மடித்து விரலைத் துடைத்தார்.

"வலது கை ஏ-ஒன்னா கீது அண்ணாத்தே," என்றார் நைனா.

"ஒரு கையாவது உருப்படியா இருக்கணும்ல," என்று ஏழுமலை அண்ணன் சிரித்தார்.

நைனா என்னைக் கூப்பிட்டு வேலையைச் சொன்னார். ஸ்டீயரிங் விளிம்பில், மணி இரண்டு காட்டுகிற இடத்தில், ஒரு சுழல் குமிழ். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அதை உள்ளங்கையில் பிடித்தால் ஒரே கையால் சக்கரத்தை முழுசாகச் சுற்றலாம். இரண்டு பேடிலும் வலது பக்கமே, குமிழுக்குப் பின்னால், ஒன்றின் கீழ் ஒன்று. மேல் தகட்டை விரலால் இழுத்தால் கியர் ஏறும், கீழ்த் தகடு இறக்கும். குமிழ் எங்கே சுற்றினாலும் தகடும் கூடவே போகும், விரல் தேட வேண்டாம்.

இந்த வேலையில் பாதி பொறுமை. முதலில் பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு ஒரு டீ குடித்து வரணும். ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக் என்கிற காற்றுப்பை இருக்கிறது. அதில் மிச்சக் கரண்ட் வடிவதற்குள் கை வைத்தால் முகத்தில் வெடிக்கும். பிறகு பையைக் கழற்றி, முகம் மேலே பார்க்கிற மாதிரி படுக்க வைக்கணும். உள்ளே சுருள் நாடா ஒன்று இருக்கும். சக்கரம் சுற்றினாலும் ஒயர் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அதை நடு நிலையில் வைத்து டேப் ஒட்டிய பிறகுதான் சக்கரத்தை உருவ வேண்டும். பேடிலிலிருந்து வருகிற ஒயரை அந்த நாடா வழியாகவே இறக்கி, கியர் லீவரின் ஏற்றம் இறக்கம் ஸ்விட்ச்சோடு சேர்த்தேன். எல்லாம் முடிந்ததும் நைனா தன் இடது கையைப் பெல்ட்டில் செருகிக்கொண்டு, திருமுல்லைவாயில் வரைக்கும் ஒரே கையால் ஓட்டிப் பார்த்தார். அதுவும் எங்கள் ஷெட்டின் வழக்கம். திரும்பி வந்து, கீழ்த் தகட்டை ஒரு விரல்கடை உள்ளே தள்ளச் சொன்னார். ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஆர்.சி.யில் ஏற்றின பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

ஏழுமலை அண்ணன் ஏறி உட்கார்ந்து குமிழைத் தடவிப் பார்த்தார். "வண்டி மாப்ள மாதிரி கீது" என்றார். கிளம்பிப் போனார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கல்யாண சீசன் பாதி போயிருக்கும். திருவேற்காட்டில் ஒரு மண்டபத்தில் இறக்க வேண்டிய பாத்திரங்களோடு போய்க்கொண்டிருந்திருக்கிறார். மத்தியானம். கோயில் பக்கம் திரும்புகிற இடத்தில் சக்கரத்தை முக்கால் சுற்று ஒடித்தபோது, குமிழ் உள்ளங்கையிலிருந்து நழுவிவிட்டது. ஒடித்த சக்கரம் தன்னால் நேராகும் இல்லையா, அப்படி விர்ரென்று திரும்பியது. வண்டி நேராக ஓரத்துக்குப் போனது. பதறிக் கையைப் போட்டதில் கீழ்த் தகட்டில் விரல் பட்டு, கியர் இறங்கி, வண்டி முக்கித் தடுமாறி வேகம் குறைந்தது. காலும் பிரேக்கை மிதித்துவிட்டது. ஒரு பூக்கடைப் பலகையை நொறுக்கிக்கொண்டு நின்றது வண்டி. பின்னாலிருந்து அண்டாவும் குண்டானும் ரோடு பூராவும் உருண்டன.

யாருக்கும் அடி இல்லை. பூக்காரம்மா தண்ணீர் பிடிக்க அப்போதுதான் எழுந்து போயிருந்தார். நாங்கள் மாட்டிய ஒன்று ஏழுமலை அண்ணனைத் தள்ளிவிட்டது, நாங்கள் மாட்டிய இன்னொன்று நிறுத்தியது. இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் ஷெட்டுக்கு வந்தது அவருடைய சம்சாரம் கஸ்தூரியம்மா. சண்டை போட வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நைனாவின் எதிரில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்.

"அண்ணே, குமிழுல ஏதாச்சும் கோளாறா?"

"பாத்துட்டேன்மா. குமிழு சரியாத்தான் கீது."

"அப்ப அது கைதான்," என்றார். அப்புறம் சொன்னார். "வலது கையும் மதமதன்னு கீதுன்னு ரொம்ப நாளாவே சொல்லிகினு இருந்தாரு. கழுத்துலேர்ந்து ஏதோ நரம்பு. சோறு பெசஞ்சாக்கூட கீழ உழும். இங்க வர்றதுக்கு முன்னாடி தெனம் காலீல என்னை வடை சுடச் சொன்னாரு. ஆசையா கேக்கறாரேன்னு நானும் சுட்டேன். கிளாஸ்லதான் டீ வோணும்னாரு. சில்வர் டம்ளர்ல குடுத்தா கோவம் வரும். கண்ணாடி முன்னால ஒக்காந்து துன்னுவாரு. ஒரு துண்டு சிந்திட்டா, இன்னொரு வடை எடுத்துகினு மொதல்லேர்ந்து. எனக்கு ஒண்ணும் புரியல. பேரன் சிரிக்கிறான், தாத்தாவுக்கு வடைப் பைத்தியம் புட்ச்சிகிச்சின்னு."



"ஏம்மா, கை இப்டி கீதுன்னு எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே," என்று நான்தான் கேட்டேன்.

"சொன்னா நீங்க பண்ணித் தர மாட்டீங்கன்னு நெனச்சிகினாரு. அந்த வடையில பெயிலானா, வண்டி கெடையாதுன்னு ஸ்டாண்டுல சொன்னாங்களாம்."

நைனா கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். பெயில் ஆக்கி யாரையும் நாங்கள் திருப்பி அனுப்பியதே இல்லை. எந்தக் கையைக் காட்டினாலும் அந்தக் கைக்கு ஒன்று செய்து கொடுப்பதற்காகத்தான் அந்த டீயும் வடையும். வைத்தியன்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக்கூடாது என்பார்கள். உண்மையைச் சொன்னால் வாசலிலேயே துரத்திவிடுவான் என்று ஊரே சொல்லும்போது, யார்தான் நிஜத்தைக் கொண்டுவருவார்?

"பசிச்சவன் எவன்டா வடைய அப்டி துன்னுவான் மணி," என்றார் நைனா என்னிடம். "ஒரு துணுக்கு சிந்தல. அப்பவே நான் ரோசிச்சிருக்கணும்."

எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார். உள்ளே தட்டுத் தட்டாக இருக்கும் எல்லாம். அதிலிருந்து ஒரு அலுமினியத் தட்டை எடுத்தார். அதன்மேல் ரப்பர் போர்த்திய மூன்று முளைகள் நிற்கும். மணிக்கட்டை நடுவில் நுழைத்தால் முளைகள் மூன்று பக்கமும் தாங்கிக்கொள்ளும். விரலுக்குப் பிடிப்பே வேண்டாம். குமிழ் நழுவும், இது நழுவாது. பிடி இல்லாத கைக்கு என்றே முன்னால் சிலருக்குச் செய்து மாட்டியிருக்கிறோம். ஏழுமலை அண்ணன் வடை சாப்பிட்ட பெஞ்சுக்கும் அந்தப் பீரோவுக்கும் நாலு எட்டு தூரம்கூட இல்லை.

முதலில் டாக்டரைப் பார்க்கச் சொன்னோம். கழுத்து நரம்புதான், இந்தச் சாதனம் இருந்தால் பக்கத்து ஊருக்கு ஓட்டலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். நானும் நைனாவும் அந்த முளைத் தட்டை எடுத்துக்கொண்டு மேனாம்பேட்டுக்குப் போனோம். வண்டி வீட்டு வாசலில் நின்றது. முன்பக்கம் நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். குமிழைக் கழற்றி, அதே இடத்தில் இதை மாட்டினேன். பேடிலையும் கொஞ்சம் நகர்த்தினேன், மணிக்கட்டின் பக்கவாட்டால் தள்ளினாலே போதும் என்கிற மாதிரி.

"வா அண்ணாத்தே, கைய உடு," என்றார் நைனா.

ஏழுமலை அண்ணன் ஏறி உட்கார்ந்து மணிக்கட்டை நுழைத்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சக்கரத்தைச் சுற்றினார். திரும்ப இந்தப் பக்கம் சுற்றினார். கை நழுவவில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியிருந்தது.

"இது மின்னாடியே இருந்துச்சா?" என்று கேட்டார்.

நான், "இருந்துச்சிண்ணே," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். எஞ்சினைப் போட்டார். கால் பிரேக்கில் இருந்தது. தெருவில் ஒரு அம்மா தலையில் துணி மூட்டையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் பார்த்தார். அப்புறம் எஞ்சினை அணைத்தார்.

"கைக்கு சரியா கீது நைனா. குத்தம் சொல்ல முடியாது. ஆனா தெருவுல யார் நடந்தாலும் அந்தப் பூக்கடைப் பலகை மேல ஒக்காந்துகினு கீற மாதிரியே தெரியுது. இதுக்கு எதுனா கீதா உங்க பீரோவுல?"

கிண்டலாகச் சொல்லவில்லை. இருந்தால் நல்லது என்று கேட்டார். நைனா என் தோளைத் தொட்டு, "கெளம்பலாம் மணி" என்றார்.

அதற்கப்புறம் எங்கள் ஷெட்டில் வழக்கம் மாறிவிட்டது. யார் வந்தாலும் நைனா முதலில் பீரோவைத் திறந்து, எல்லாவற்றையும் மேசைமேல் பரப்புவார். முளை, குமிழ், வளையம், கால் எட்டாதவர்களுக்குப் பெடல் நீட்டிப்பு, எல்லாம். "பாத்துக்க. எந்தக் கைக்கும் இங்க ஒண்ணு கீது. இப்ப உன் கையக் காட்டு" என்பார். அதற்குப் பிறகுதான் டீ. வந்தவர்கள் நிஜத்தைக் காட்டினார்கள். ஆவடியிலிருந்து வந்த ஒருவர் காட்டும்போதே அழுதுவிட்டார். எத்தனையோ பேருக்கு நல்லது நடந்தது. ஆனால் ஒருவரைத் தோற்கவைத்துக் கற்றுக்கொண்ட பாடம் அது. அந்த நல்லதில் எனக்கு முழு ருசி கிடைத்ததே இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் அந்த வண்டி மறுபடி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் மருமகன் தினேஷ். ஏழுமலை அண்ணன் இடது பக்க சீட்டில் இருந்தார். அவரை அந்தப் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. இறங்கும்போது கதவின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று தேடினார்.

"மாமா வண்டிய என் கையில குடுத்துட்டாரு," என்றார் தினேஷ். நல்ல பையன், மாமனாரிடம் மரியாதையாகத்தான் இருந்தார். "இந்த முளை என் சட்டையில மாட்டிக்குது அண்ணே. பேடிலும் தெரியாம பட்டுடுது. பழையபடி ஆக்கிக் குடுங்க."

பேட்டரி முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தேன். காற்றுப்பையை எடுத்தேன், சக்கரத்தை உருவினேன், முளைத் தட்டு, மேல் தகடு, கீழ்த் தகடு என்று ஒவ்வொன்றாக. ஏழுமலை அண்ணன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போடுகிற அன்றைக்குப் பக்கத்தில் நிற்கிற ஆட்கள் உண்டு. எடுக்கிற அன்றைக்கு யாரும் நிற்க மாட்டார்கள்.

கடைசியாக ஒயர். லீவர் பக்கத்தில் சேர்த்த இடத்திலிருந்து முழுசாக உருவிவிடுவது முறை. கட்டரைக் கையில் எடுத்தேன்.

"மணி," என்றார் மெதுவாக. தினேஷ் எதிர்க்கடையில் போன் பேசிக்கொண்டிருந்தார். "அத வெட்ட வோணாம்."

"சும்மா கெடக்கும்ணே அது. ஒண்ணுக்கும் ஆவாது."

"கெடக்கட்டும். டேப்பு சுத்தி உள்ளயே வெச்சிடு."

நைனாவைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒயரின் நாலு முனைக்கும் தனித்தனியாக டேப் சுற்றினேன். நாலையும் சேர்த்து வளைத்து, ஸ்டீயரிங் தண்டுக்கு அடியில், ஆடாமல் கட்டினேன். மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கினேன். ஏழுமலை அண்ணன் குனிந்து அடியில் பார்த்தார்.

"வெளிய தெரியாதே?"

"தெரியாதுண்ணே."

"அந்தப் பையனுக்குச் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

தினேஷ் வந்தார், சாவியைப் போட்டார், முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். "இப்ப ஃப்ரீயா கீது அண்ணே," என்றார். ஏழுமலை அண்ணன் சுற்றி வந்து இடது பக்கம் ஏறிக்கொண்டார். வண்டி தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் நானும் நைனாவும் வாசலிலேயே நின்றோம்.

அந்த ஒயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி நான் ஷெட்டில் இருந்த வரைக்கும் யாரும் வரவில்லை.